செடிக்கு எந்த வெள்ளை?

வெயில் எட்டிப் பார்க்காத வீட்டில் மிளகாய் விதை ஊன்றியிருக்கிறீர்களா? விதை முளைத்துவிடும். ஆனால் சில நாட்களில் நாற்று நூலாக நீண்டு, வெளிறி, சன்னல் பக்கம் சாய்ந்துவிடும். எல்.இ.டி. விளக்கொளியில் அதைக் காப்பாற்ற முடியும். பல்பு வாங்கப் போனால் கடைக்காரர் "மஞ்சளா, வெள்ளையா?" என்பார். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 2700, 4000, 6500 கெல்வின் என்று ஏதாவதோர் எண் இருக்கும். செடிக்கு எது ஏற்றது?

இந்த எண்ணுக்கு நிறவெப்பநிலை என்று பெயர். பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2700 கெல்வின் சூட்டில் மஞ்சள் கலந்த ஒளியைத் தந்தது. சூடு ஏற ஏற ஒளியில் நீலம் கூடும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5800 கெல்வின். எல்.இ.டி. இவ்வளவு சூடாவதில்லை, அதன் நிறம் எந்தச் சூட்டின் நிறத்தை ஒத்திருக்கிறது என்பதை மட்டுமே எண் சொல்கிறது.

வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது உண்மையில் ஒரு நீல எல்.இ.டி. அது 450 நானோமீட்டர் அளவில் ஒளிர்கிறது. அதன்மேல் பூசிய பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கிப் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றுகிறது. நிறைய மாற்றினால் 2700; குறைவாக மாற்றினால் 6500. ஆகவே அந்த எண், மாறாமல் மிஞ்சிய நீலம் எவ்வளவு என்பதன் அடையாளம். 2700-இல் ஃபோட்டான்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று நீலம். 6500-இல் கால் பங்கைச் சற்றே தாண்டும்.

நீலம் செடியின் உருவத்தை ஆள்கிறது. அது குறைந்தால் தண்டு நீளும்; போதிய அளவு இருந்தால் நாற்று குட்டையாக, உறுதியாக நிற்கும். உணவு தயாரிப்பது வேறு கணக்கு. நீல ஃபோட்டானின் ஆற்றல் 2.8 எலக்ட்ரான் வோல்ட், சிவப்பினுடையது 1.9. ஆயினும் நீலத்தின் உபரி ஆற்றல் இலையில் வெப்பமாகப் போய்விடுகிறது. எனவே ஒளிச்சேர்க்கைக்கு ஃபோட்டான்களின் எண்ணிக்கையே முக்கியம். பச்சை ஒளி இலைக்குப் பயன்படாது என்று நினைக்காதீர்கள். 1972-இல் மெக்ரீ என்பவர் 22 வகைப் பயிர்களில் அளந்து பார்த்தார். பச்சையும் நன்றாகவே வேலை செய்தது.

எண்ணிக்கைக்கு வருவோம். பெரும்பாலோர் தவறுவது நிறத்தில் அல்ல, இங்கேதான். 9 வாட் பல்பு சுமார் 900 லூமென் தரும். 10 சதுர மீட்டர் அறையில் அது பரவினால், சதுர மீட்டருக்கு 90 லூமென், அதாவது 90 லக்ஸ். நண்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ்! நம் கண் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும், இலையால் முடியாது. அதே ஒளி முழுவதையும் 30 செ.மீ. சதுரத் தட்டில் விழச் செய்தால் 900-ஐ 0.09-ஆல் வகுக்க, 10,000 லக்ஸ். பாதி சிதறிப்போகும் என்று கொண்டு இரண்டு பல்புகள் போடுங்கள். தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, சுற்றிலும் வெள்ளை அட்டை நிறுத்தி (பல்பைத் தொடக் கூடாது), நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள். நாற்றுக்கும் கீரைக்கும் இது போதும். தக்காளி காய்க்கப் போதாது.

நிறத்தைப் பொறுத்தவரை நான் 4000-ஐச் சொல்வேன். அது கிடைக்காத கடையில் 2700 ஒன்றும் 6500 ஒன்றும் வாங்கிச் சேர்த்துப் போடுங்கள். நீலம் ஏறக்குறைய நடுவில் வந்து நிற்கும். ஊதா நிறத்தில் விற்கும் செடி விளக்குகளும் உண்டு. அந்த ஒளியில் இலை கறுப்பாகத் தெரியும். மஞ்சள் நோய் கண்டால்கூடக் கண்ணில் படாது.

சோதித்துப் பார்க்க விருப்பமா? இரு தட்டுகளில் தண்டுக்கீரை விதைத்து, இடையே அட்டை மறைப்பு வைத்து, ஒன்றுக்கு 2700, மற்றதற்கு 6500, லூமென் சமமான பல்புகளாகப் போடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பத்துப் பத்து நாற்றுகளின் தண்டை அளந்து சராசரி எடுங்கள். பல்பைப் பிரிக்க வேண்டாம். உள்ளே 230 வோல்ட். தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.