கோவளத்து அலையில் ஏறப் போறீங்களா?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டைத் தாண்டினால் நம்ம கோவளம். பிள்ளைகள் சர்ஃபிங் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதில் ஆரம்பித்து, இப்போது மாதம் ஒரு ஞாயிறு எங்கள் குடும்பத்துக்கு அங்கேதான் விடிகிறது. போய்ப் போய்ப் பழகியதில் கிடைத்த குறிப்புகள் இவை.

1. காலை 6 மணிக்கெல்லாம் கரையில் இருங்க. அந்த நேரத்தில் காற்று தரையிலிருந்து கடல் பக்கம் வீசும், அலை கலையாமல் வழுவழுப்பாக எழும்பும். வெயில் ஏறியதும் கடற்காற்று திரும்பி அலையைக் குழப்பிவிடும். வாடகைக்கு எடுத்த பலகையில் பாதி நேரம் வீண்.

2. புதிதாகக் கற்பவர்களுக்குப் பிப்ரவரி, மார்ச் தோதான மாதங்கள். ஆகஸ்ட் மாதம் கைதேர்ந்தவர்களுக்கு. பக்கத்து மாமல்லபுரத்தில் 2023லும் 2025லும் பன்னாட்டுப் போட்டிகளை அந்த மாதத்தில்தான் வைத்தார்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம்.

3. எடுத்ததும் சொந்தப் பலகை வாங்காதீங்க. நீளமான, மேலே மெத்தென்ற ஃபோம் பலகையாகக் கேட்டு வாடகைக்கு எடுங்க: நிலையாக மிதக்கும், மேலே இடித்தாலும் அடி குறைவு. காலில் கட்டும் கயிற்றை ஒருமுறை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைக்கணும்.

4. பருத்தி பனியன் நனைந்தால் கனக்கும், தோலையும் உரசிப் புண்ணாக்கும். பிள்ளைகள் விளையாட்டுக்குப் போடும் முழுக்கை பாலியஸ்டர் சட்டையே போதும், தனியாகச் செலவு வேண்டாம். உரசும் அக்குளில் மட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்க. வயிற்றிலோ காலிலோ பட்டால் பலகை வழுக்கிவிடும்.

5. இதை மட்டும் வீட்டில் எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிங்க. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரிந்தால் அங்கே இறங்காதீங்க. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடும் வழி அது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைக்கக் கூடாது. பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கையை உயர்த்தி ஆள் கூப்பிடுங்க. முடிந்தால் கரைக்கு இணையாக நகர்ந்து, இழுவை விட்டதும் அலையோடு திரும்புங்க. ஓட்டம் எங்கே இருக்கிறது என்று அங்கே கற்றுக்கொடுக்கும் மீனவ இளைஞர்களைக் கேட்டால் விரல் நீட்டிக் காட்டுவார்கள். கேட்கக் கூச்சமே வேண்டாம்.

6. சொறி (ஜெல்லி மீன்) பட்டு எரிந்தால் குடிதண்ணீர் ஊற்றித் தேய்க்காதீங்க, எரிச்சல் கூடும். கடல்தண்ணீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழையை ட்வீசரால் மெதுவாக எடுத்துவிட்டு, தாங்குகிற சூட்டு வெந்நீரில் அந்த இடத்தை வையுங்க. அதற்காகவே நாங்கள் ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோகிறோம். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடணும்.

7. முந்தின ராத்திரி நாலு பாட்டில் தண்ணீரை முக்கால் அளவு நிரப்பி ஃப்ரீசரில் வைத்து, தெர்மகோல் பெட்டியில் அடுக்குங்க. புளிசாதத்தோடு வைக்கும் தயிர் புளிக்காது, உருக உருகக் குடிக்கவும் ஆச்சு. திரும்பும்போது கரையில் மீன் வாங்கினால் அதே பெட்டி, ஐஸ் செலவு மிச்சம்.

8. மணலில் வலை காய்ந்தால் சுற்றிப் போங்க, மேலே மிதிக்காதீங்க. ஒரு கண்ணி அறுந்தாலும் யாரோ உட்கார்ந்து கோர்க்கணும்.

9. காலில் ஒட்டிய மணலைக் கழுவக் கழுவ அது திரும்ப ஒட்டும். கால் காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவித் தட்டினால் பொலபொலவென உதிர்ந்துவிடும். பழைய லுங்கி ஒன்றை கார் சீட்டில் விரித்தால் உள்ளேயும் சுத்தம்.

10. உப்பேறிய துணியை அப்படியே மெஷினில் போடாமல், முதலில் நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு உதறுங்க. அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், வாசலோடு போகட்டும். டூவீலரில் போனவர்கள் சங்கிலியையும் ரிம்மையும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, சங்கிலிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்க.