பிச்சாட்டூர் மதகு திறக்கும் முன்: எளாவூர், பழவேற்காடு ஏரிக்கரைக்குப் பருவமழை ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். எளாவூர், சுண்ணாம்புகுளம், பெரியமாங்கோடு, நொச்சிக்குப்பம் என்று பழவேற்காடு ஏரியை ஒட்டி வாழும் குடும்பங்களுக்குப் புரட்டாசியின் மிச்ச நாள்களே ஆயத்த நாள்கள். கூரையைக் கட்டுவதும் வலையை மேட்டில் ஏற்றுவதும் இங்கே யாரும் சொல்லித் தர வேண்டாத வேலைகள். விட்டுப்போவது இன்னொரு வேலை: படகு, வீடு, பயிர், உயிர் ஆகியவற்றுக்கான காப்பீட்டையும் பதிவையும் மழைக்கு முன்பே சரிபார்ப்பது. வெள்ளம் வந்த பிறகு அதைச் செய்ய வழியில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பரப்பு பெரிது, ஆழமோ சராசரியாக ஒரு மீட்டர் அளவே. தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் போல, காற்று தள்ளும் பக்கமெல்லாம் ஏரி சாய்கிறது. ஊருக்குள் மழையே பெய்யாத நாளிலும் கரையோரத் தெருவில் தண்ணீர் ஏறுவது இதனால்தான்.

மேற்கிலிருந்து ஆரணியாறு வருகிறது. ஆந்திர மலைகளில் தொடங்கி, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பொன்னேரி வட்டங்கள் வழியாக ஏரியில் சேர்கிறது. வடக்கில் சூலூர்பேட்டை வழியே காளங்கி ஆறும் வந்து கலக்கிறது. இத்தனை நீரும் வெளியேற வேண்டியது பழவேற்காட்டு முகத்துவாரம் போன்ற சில வாய்கள் வழியாக. அந்த வாயை மணல் மூடுவது மீனவர்களின் பல்லாண்டுத் துயரம். மணல் மூடியிருக்க, அமாவாசையோ பௌர்ணமியோ கடலும் ஏறியிருக்க, மேலே அணையும் திறந்தால் நீருக்குப் போக்கிடம் இல்லை.

ஆகவே எளாவூர்க்காரர் கவனிக்க வேண்டிய செய்திகள் மூன்று: வானிலை மையத்தின் கனமழை எச்சரிக்கை, பிச்சாட்டூர் நீர்திறப்பு அறிவிப்பு, கடல் ஏற்ற நாள். மூன்றும் ஒரே வாரத்தில் கூடினால் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் முன்னதாகவே மேட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

முந்தைய வெள்ளங்கள் சொல்வது

1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரை கடந்த புயல் ஆந்திராவிலும் வட தமிழகத்திலும் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரை கடந்தது. 2021 நவம்பரில் பிச்சாட்டூர் அணை திறப்பால் ஆரணியாறு பெருக்கெடுத்தது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயல் இந்தக் கரையில் கால் வைக்கவே இல்லை. ஐந்தாம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. போகிற வழியில் கடலில் மெதுவாக நகர்ந்தபடி சென்னையையும் திருவள்ளூரையும் நனைத்துத் தீர்த்தது. புயல் ஆந்திராவுக்குப் போகிறது என்று கேட்டதும் வலையை எடுத்து வைக்காமல் இருந்துவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அந்த டிசம்பரே சாட்சி.

மிக்ஜாமுக்குப் பின் தமிழக அரசு நிவாரணத் தொகைகளை உயர்த்தியது. முழுதும் சேதமான கட்டுமரத்துக்கு 32,000 ரூபாய் 50,000 ஆனது. வல்லத்துக்கு 75,000 ஒரு லட்சமானது. வலைக்கு 10,000 பதினைந்தாயிரமானது. குடிசைக்கு 5,000 எட்டாயிரமானது. அந்த நேரத்தில் இது பெரிய உதவி. ஆனாலும் நிவாரணம் அரசு ஒவ்வொரு பேரிடருக்கும் தனியாக முடிவு செய்வது. அதைக் கேட்டுப் பெறுவதற்கும் படகு தன்னுடையது என்று காட்டும் பதிவு வேண்டும். காப்பீடு அப்படியல்ல, கட்டிய பிரீமியத்துக்கு எழுத்தில் கிடைத்த உரிமை.

இந்த வாரமே முடிக்க வேண்டியவை

முதலில் உயிர். பிரதமர் சுரக்‌ஷா பீமா யோஜனாவுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். இதன் ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. கணக்கில் இருப்பு இல்லாததால் மே மாதத்தில் 20 ரூபாய் பிடிக்கப்படாமல் போயிருந்தால் பாதுகாப்பும் அறுந்திருக்கும். வங்கிப் புத்தகத்தில் பதிவு போட்டுப் பார்த்து, விட்டிருந்தால் உடனே மறுபடி சேர வேண்டும். நீரில் மூழ்கி இறந்தால் காவல் நிலையப் பதிவு இல்லாமல் தொகை கிடைக்காது என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

மீனவர்களுக்கென்று பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை. பிரீமியத்தை ஒன்றிய, மாநில அரசுகளே ஏற்கின்றன. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ பார்த்துக்கொள்ள வேண்டும். படகே இல்லாமல் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள்தான் இத்தகைய பட்டியல்களில் எளிதில் விடுபடக்கூடியவர்கள். அவர்களைச் சங்கத்துக்கு அழைத்துப் போவது ஊர்ப் பெரியவர்களின் கடமை.

இது ஆளுக்கான காப்பீடு. படகுக்கும் வலைக்கும் ஒரு ரூபாயும் தராது. ஃபைபர் படகுக்குப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். எடுக்க முடியாதவர்களும் படகின் பதிவு எண், என்ஜின் எண், வலைகள் ஆகியவற்றைப் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் கைப்பேசிக்கும் அனுப்பி வைப்பது நல்லது.

வீட்டுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற ஒரே வகைப் பாலிசியை விற்கின்றன. புயலும் வெள்ளமும் அதில் அடக்கம். வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை அதிலேயே சேர்ந்துவிடும். ஓலை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கு அது செல்லுமா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நெல் விவசாயிகளுக்குப் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்குப் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அதற்குள் அடை மழை தொடங்கி இ-சேவை மையத்தில் சர்வரும் படுத்துவிடும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு இப்போதே போவது மேல். இழப்பீடு பொதுவாக ஊர் முழுவதன் சராசரி மகசூலைக் கொண்டு கணக்கிடப்படுவதால் தாழ்வான ஒரு வயல் மட்டும் மூழ்கினால் பணம் வராமல் போகலாம். அதற்கென இருந்த நெல் வயல் மூழ்கல் பாதுகாப்பு 2018இல் நீக்கப்பட்டது. 2026 காரிஃப் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. தன் பிர்காவில் அது உண்டா என்று வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாட்டுக்குக் காப்பீடு இருந்தால் காதுவில்லை விழாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

இதையெல்லாம் புயல் உருவான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1968 முதல் அரசே வெள்ளக் காப்பீடு நடத்துகிறது. பாலிசி எடுத்து 30 நாள் கழித்தே பொதுவாக அது உயிர்பெறும். தண்ணீர் வாசலுக்கு வந்த பின் எந்த நாட்டிலும் காப்பீடு விற்பதில்லை.

எச்சரிக்கை வந்ததும்

படகை ஏரியோரக் கம்பத்தில் கட்டி விடாமல் மேட்டில் ஏற்றி, என்ஜினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பத்திரம், ரேஷன் கார்டு, பாலிசி, மருந்துச் சீட்டு ஆகியவை மூடி இறுகிய ஒரே டப்பாவில் இருக்கட்டும். நீர் ஓடும் தரைப்பாலத்தை நடந்தோ வண்டியிலோ கடக்கவே கூடாது.

வடிந்த பிறகு

கழுவித் துடைக்கும் முன் படம் எடுக்க வேண்டும்: சுவரில் தண்ணீர் நின்ற கோடு, உடைந்த படகு, சாய்ந்த பயிர், எல்லாம் தேதியோடு. பயிர்ச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் தெரிவிக்க வேண்டும். மூழ்கிய பைக்கை உதைத்துக் கிளப்பினால் என்ஜின் கெடும், இழப்பீடும் தடைபடும். மெக்கானிக் வரும்வரை விட்டுவைக்க வேண்டும். வீடு, படகுச் சேதத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் மீன்வளத் துறையிடமும் மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைக்க வேண்டும்.

வீட்டுச் சுவரில் எழுதி வைக்க வேண்டிய எண்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, கடலில் சிக்கியவர்களுக்குக் கடலோரக் காவல்படை 1554.