விதைக்கிழங்கும் அரசாங்கச் சான்றும்

நெல் விதைப்போன் விதையை உப்புநீரிலிட்டு, மிதக்கும் பதரை நீக்கி, மணியைத் தெரிந்துகொள்வான். உருளைக்கிழங்கு பயிரிடுவோனுக்கோ அத்தகைய எளிய சோதனை கிட்டுவதன்று. அவன் நடுவது செடியின் உறுப்பாகிய கிழங்கே யாதலின், தாய்ச்செடியைப் பற்றிய வைரஸ் நோய் அக்கிழங்கினுள் மறைந்திருந்து அடுத்த பயிரையும் கெடுக்கும். நல்லதும் தீயதும் தோற்றத்தில் ஒன்றே. விளைவிலோ வேற்றுமை பெரிது. கண்ணால் அறியவொண்ணாத சரக்கை வாங்குவோனைக் காக்கும் பொருட்டே அரசாங்கம் இடையிற் புகுகின்றது.

இந்தியாவில் 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட இரகங்களின் விதையைக் குறைந்தபட்சத் தரமும் அதனைக் கூறும் சீட்டும் இன்றி விற்றல் கூடாது. சான்று பெறுதலோ உற்பத்தி செய்வோரின் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளது. சான்று வேண்டுவோரின் வயலை அதிகாரிகள் பயிர் நிற்கும்பொழுதே பார்வையிடுவர். ஏனெனில், கிழங்கு மறைப்பதை இலை வெளிப்படுத்தும். சுருண்டும் தேமல் படர்ந்தும் நிற்கும் செடிகளைக் கிழங்கோடு அகற்றல் வேண்டும். வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சிகள் பெருகுமுன்னரே தழையை வெட்டிவிடுதலும் நன்று. தேறிய விதை மூட்டையில் நீலச் சீட்டுக் கட்டப்படும்.

இவ்வாறு நல்விதைக்குச் சான்றளிக்கும் அரசாங்கமே, சிலபோது விதை செல்லும் வழியை அடைக்கவும் நேரிடுகின்றது. இதற்கு நமது நீலகிரியே சான்று. அங்கு 1961-இல் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. பெண்புழு இறந்தபின் அதன் உடலே இறுகிய கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல்லாண்டு மண்ணிற் காத்துவைக்கும். உருளைக்கிழங்கு வேரின் கசிவு பட்டதும் முட்டைகள் பொரிக்கும். கிழங்கில் ஒட்டிய சிறிது மண்ணே அக்கூட்டை வேற்றூருக்குக் கொண்டுசெல்லப் போதுமாகலின், நீலகிரி விதைக்கிழங்கை வெளியிடங்களுக்கு அனுப்பலாகாதென 1971-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் தடை விதித்தது. இப்புழு வடக்கிலும் காணப்பட்டமையால், 2018-இல் இமாசலப் பிரதேசம், உத்தரகாண்டம், ஜம்மு காஷ்மீரம் ஆகியவற்றின் விதைக்கிழங்கிற்கும் மத்திய அரசாங்கம் அத்தகைய தடை இட்டது.

இத்தடையால் சமவெளி வயல்கள் காக்கப்பட்டன; மலைக் குடியானவனோ தன் குற்றம் யாதுமின்றி விதை விற்கும் உரிமையை இழந்தான். பலர் நலத்திற்காகச் சிலர் இழப்பை ஏற்கச் செய்யும் சட்டம், அச்சிலருக்குக் கடன்பட்டதாகும். இப்புழுவை எதிர்த்து நிற்கும் குப்ரி ஸ்வர்ணா என்னும் இரகம் 1985-இல் நீலகிரிக்கென வெளியிடப்பட்டமை அக்கடனில் ஒரு பகுதியைத் தீர்த்ததென்னலாம். தடுப்பதோடு நில்லாது, மாற்று வழியும் காட்டுங்கால் கட்டுப்பாடு உழவனுக்குத் துணையாம், அன்றேல் சுமையேயாம்.