கற்பூரவல்லி: கறிக்கும் கசாயத்திற்கும்

தோட்டக் குடியிருப்புகளில் வாசலோரம் பழைய எண்ணெய்த் தகரங்களில் வளரும் செடிகளுள் கற்பூரவல்லியும் ஒன்று. தடித்த சாறுள்ள இலை, மேலே மென்மயிர், ஓரமெல்லாம் பற்கள் போன்ற வெட்டு; உரசிச் சென்றாலே மணம் கையில் ஒட்டிக்கொள்ளும். ஓமவல்லி என்றும் இதற்குப் பெயருண்டு. மலாய்க்காரர் பங்குன்-பங்குன் என்பர்.

ஓமவல்லி என்பது காரணப்பெயரே. ஓமத்திற்கு மணம் தரும் தைமால் என்னும் பொருளும், அதற்கு உறவான கார்வக்ரால் என்னும் பொருளும் இவ்விலையின் எண்ணெயில் உள்ளன. இவை எளிதில் ஆவியாவன. ஆதலின் நெடுநேரம் கொதிக்கவிட்டால் மணம் அடுக்களையை நிறைக்குமேயன்றி ரசத்தில் தங்காது. ரசத்தை இறக்கும் தறுவாயில் இரண்டு மூன்று இலைகளைக் கிள்ளிப் போட்டு மூடிவிடுதலே முறை. கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜியாகச் சுடலாம். சிறிது எண்ணெயில் வதக்கி, தேங்காய், பச்சைமிளகாயுடன் அரைத்துத் தயிரில் கலந்தால் நல்ல பச்சடியாகும். ஆட்டிறைச்சியின் கவிச்சையை அடக்கவும் இது உதவும். வட சுமத்திராவின் பாத்தாக் மக்கள் இதனைக் கீரையாகவே சமைத்து, தாய்ப்பால் பெருகும் என்று நம்பிப் பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுப்பர். நம்மவர் இதனைக் கறிக்கு மிகுதியாகச் சேர்ப்பதில்லை. அது நமக்கு ஒரு குறையாகவே படுகிறது.

மருந்து என்றால் மட்டும் நம் வீடுகளில் முதலில் தேடப்படுவது இதுதான். சளியும் இருமலும் கண்ட பெரியவர்கள் இரண்டு மூன்று இலைகளைச் சுடுநீரிலிட்டு, ஆறியபின் பருகினால் தொண்டைக்கு இதமாக இருக்கும். அவ்வளவில் இது நல்ல கைவைத்தியமே. ஆனால் இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, அச்சாற்றைத் தேனில் குழைத்துப் பச்சிளங்குழந்தையின் நாவில் தடவும் வழக்கத்தைத் தாய்மார்கள் கைவிட வேண்டும். ஆறு மாதம் நிறையும்வரை குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டுவதில்லை. ஒரு வயது நிறையுமுன் தேன் கொடுத்தலோ ஆபத்தானது. தேனில் சில வேளைகளில் இருக்கும் ஒருவகைக் கிருமி, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

குழந்தைக்கு வந்திருப்பது வெறும் சளியா, நுரையீரல் காய்ச்சலா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுக. வயிறு ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒன்று. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40: இந்த எண்ணை எட்டினாலோ மிஞ்சினாலோ உடனே அரசாங்க கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்புறம் உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் எண்ணிக்கொண்டிராமல் விரைக. அந்நேரத்தில் கசாயம் காய்ச்சுவது காலத்தைப் போக்குவதாகும். பெரியவர்களுக்கும் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை தேவை. காசநோய் அவ்வாறுதான் தொடங்கும்.

நடுவது எளிது. விரல் நீளக் கொம்பை ஒடித்து ஊன்றினால் சில நாள்களில் வேர்விடும். நீர் தேங்கினால் தண்டு அழுகுமாதலால் தகரத்தின் அடியில் துளையிடுக. களைக்கொல்லி இருந்த தகரம் எத்தனை முறை கழுவினாலும் இதற்கு ஆகாது. ரப்பர் நிரையோரம் தானாக வளர்ந்திருக்கும் செடியிலும் இலை பறிக்க வேண்டா. பாராகுவாட் நம் நாட்டில் 2020 முதல் தடைசெய்யப்பட்டுள்ளதாயினும் வேறு மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. மென்மயிர் இலையில் அவை படிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. வீட்டு வாசலில் வளர்ந்ததையே, நன்கு கழுவிப் பயன்படுத்துக.