காம்பவுண்டு சுவர்தானே என்று சொல்லாதீர்கள்

"காம்பவுண்டு செவுருதானுங்க, அது என்ன பாரமா தாங்கப்போகுது?"

திருப்பூரில் கட்டடப் பொறியாளராக இருக்கிற எனக்கு இந்தக் கேள்வி காதில் விழாத வாரம் கிடையாது. மேஸ்திரி சொல்கிறார், வீட்டுக்காரர் தலையாட்டுகிறார். வீடு கட்டும்போது கம்பி எத்தனை எம்எம், சிமெண்ட் எந்தக் கம்பெனி என்று துருவித் துருவிக் கேட்டவர்தான். தோட்டத்துச் சுவர் என்றதும் மிஞ்சிய செங்கல், மிஞ்சிய மணல், கிடைத்த ஆள் என்று இறங்கிவிடுகிறார். ஒரு மழைக்காலம் போனதும் சுவர் சாய்கிறது. அப்புறம்தான் எனக்குப் போன் வருகிறது.

இந்தப் பேச்சை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. இது ஆளைக் கொல்கிறது. 2019 டிசம்பர் 2 அதிகாலையில், நமக்குப் பக்கத்தில் மேட்டுப்பாளையம் நடூரில், மழைக்கு நடுவே ஏறத்தாழ 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று ஓட்டு வீடுகளின் மேல் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் தலித் குடும்பத்தினர். அந்தச் சுவரால் ஆபத்து என்று அங்கிருந்தவர்கள் முன்பே முறையிட்டதாகச் சொன்னார்கள். தங்களை ஒதுக்கி வைக்க எழுப்பிய சுவர் என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகும் "மழையால விழுந்துருச்சு" என்று பேசியவர்கள் உண்டு. மழை ஊரிலுள்ள எல்லாச் சுவர்கள் மேலும்தான் பெய்தது. 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைத் தடுப்புச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். இந்த இரண்டு சுவர்களுமே தலையில் எந்த மாடியையும் சுமக்கவில்லை.

பாரம் இல்லாததுதான் காம்பவுண்டு சுவரின் பலவீனம். வீட்டுச் சுவரை மேலே இருக்கும் கூரை அழுத்திப் பிடிக்கிறது. இரண்டு பக்கமும் குறுக்குச் சுவர்கள் கட்டிப் பிடிக்கின்றன. பனியன் பேக் பண்ணும் அட்டைப்பெட்டி நான்கு பக்கமும் ஒட்டியிருக்கும்வரை நிமிர்ந்து நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் அறுத்துத் தனியாக நிறுத்திப் பாருங்கள். காம்பவுண்டு சுவர் அப்படித்தான் தனியாக நிற்கிறது. காற்று தள்ளினாலும் மண் தள்ளினாலும் தன் எடையையும் அடி அகலத்தையும் வைத்துத்தான் அது சமாளிக்க வேண்டும்.

அதனால்தான் ஒன்பது இஞ்ச் சுவரை நாலரை இஞ்சாகக் குறைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். செங்கல் பாதி மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். தடிமன் பாதியானால் எடையும் பாதியாகிறது, ஊன்றி நிற்கும் அகலமும் பாதியாகிறது. சாயாமல் நிற்கும் திறனில் கால்வாசிதான் மிஞ்சும். நாலரை இஞ்ச்தான் வேண்டுமென்றால் எட்டு, பத்து அடிக்கு ஒரு பில்லரும், கீழே முறையான அஸ்திவாரமும், பெல்ட்டும் வேண்டும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் மிச்சம் என்று பெரிதாக எதுவும் இருக்காது.

இன்னொரு கொடுமை, பள்ளமான மனையில் சுவரைக் கட்டிவிட்டு உள்பக்கம் மண்ணைக் கொட்டி மேடாக்குவது. அந்த நிமிடமே அது மண் தாங்கும் சுவராகிவிடுகிறது. மண்ணின் உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு, கவிழ்க்கும் விசை எட்டு மடங்கு. ஐப்பசி மழையில் அந்த மண்ணுக்குள் தண்ணீர் தேங்கினால் நிலைமை இன்னும் மோசம். ஆறடி உயரத்துக்குத் தேங்கும் தண்ணீர் மட்டுமே சுவரின் ஒவ்வொரு அடி நீளத்தையும் அரை டன் விசையோடு தள்ளும். அந்தத் தண்ணீர் வெளியேற, அடியில் பிவிசி பைப் துண்டு வைத்து நாலடிக்கு ஒரு துளை விடச் சொன்னால், "பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாருங்க" என்கிறார்கள். சுவரே அவர் வீட்டில் விழுந்தால் அவர் சும்மா இருப்பாரா? துளைத் தண்ணீரைச் சுவரோரம் ஒரு வாய்க்கால் எடுத்துத் தெருவுக்கு விட்டால் அந்தச் சண்டைக்கும் இடமில்லை.

வீரபாண்டிப் பக்கம் ஒரு புதுச்சுவரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பூச்சு வேலை மறுநாள். வரிசைக்கு வரிசை மாறி வரவேண்டிய செங்கல் இணைப்புகள் நான்கு வரிசைக்கு ஒரே கோட்டில் இறங்கியிருந்தன. நிற்கும் இணைப்புகளில் கலவையே இல்லை, பைக் சாவி முழுசாக உள்ளே போனது. படுக்கை இணைப்பில் சாவியால் கீறினால் மணல் பொலபொலவென்று கொட்டியது. மேலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். ஆறடிக்குள் ஒன்றரை இஞ்ச் வெளியே சாய்ந்திருந்தது. மூன்று மீட்டர் உயரத்துக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் சாயக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மேஸ்திரி சொன்னார்: "பூசுனா எல்லாம் மறைஞ்சிருமுங்க." ஆமாம், மறையத்தான் செய்யும்! அரை இஞ்ச் பூச்சு எந்தச் சுவரையும் நிமிர்த்தியதில்லை. அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

புதுச்சுவர் என்றால் விரிசல் சகஜம் என்கிறார்கள். பூச்சில் வரும் மயிரிழை வெடிப்பு சகஜம்தான். படிக்கட்டு மாதிரி இணைப்பு வழியே ஏறும் விரிசல் அஸ்திவாரம் அமர்வதைக் காட்டுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல் மண்ணில் ஓரடிக் குழியில் சுவர் எழுப்பினால் இது வராமல் போகாது.

சிமெண்ட் கூடப் போட்டால் பலம் என்பதும் தவறு. ஒன்றுக்கு ஆறு கலவை இந்தச் சுவருக்குப் போதும். செங்கல்லை நனைத்து வைப்பது, ஏழு நாள் தண்ணீர் விடுவது, சாப்பாட்டுக்கு முன் கலந்த கலவையைச் சாயங்காலம் தண்ணீர் தெளித்துக் கிளறாமல் இருப்பது, இவைதான் பலம். இரண்டு மணி நேரம் தாண்டிய கலவையைக் கொட்டிவிட வேண்டும்.

எந்தத் தண்ணீரும் கட்டடத்துக்கு ஆகும் என்பதை நம் ஊரில் சொல்லவே கூடாது. சாயக் கழிவு நொய்யலையும் நிலத்தடி நீரையும் என்ன செய்தது என்று ஒரத்துப்பாளையம் அணையைக் கேட்டால் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஊர் இது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் ஆகாது என்கிறது ஐ.எஸ். 456. போர் தண்ணீரைச் சோதிக்காமல் பில்லர் போட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும், வெளியே சுவர் உப்புப் பூக்கும்.

பில் இல்லை, எழுத்து இல்லை, கேஸ் போட முடியாது என்பது அடுத்தது. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். ஜிபே பண்ணியதும் வாட்ஸ்அப்பில் பேசியதும் சாட்சிதான். வீடு கட்டித் தருவது சேவை என்று உச்ச நீதிமன்றம் 1993லேயே சொல்லிவிட்டது. வீட்டுச் சுவரென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 1915 எண்ணுக்குப் பேசலாம். பனியன் கம்பெனிச் சுவரென்றால் வணிக நோக்கம் என்ற தடை வரும், அநேகமாக சிவில் கோர்ட்தான். எங்கே போனாலும் பூசுவதற்கு முன் எடுத்த போட்டோ வேண்டும், தூக்குக்குண்டு தொங்கும் போட்டோ வேண்டும், குறையைச் சொல்லி மேஸ்திரிக்கு அனுப்பிய செய்தி வேண்டும். கூலியில் பத்தில் ஒரு பங்கை மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்திவைக்கிறேன் என்று வேலைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபப்பட மாட்டார். ஏற்கெனவே சாய்ந்துவிட்ட சுவரென்றால் கோர்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்றே அதன் பக்கம் குழந்தைகள் போகாமல், வண்டி நிறுத்தாமல் பாருங்கள். அந்தப் பக்கம் குடியிருப்பவர்களிடமும் சொல்லுங்கள். பிறகு உயரத்தைக் குறையுங்கள்.

உயரம் என்றதும் கேட்கத் தோன்றுகிறது. நான்கு பக்கமும் எட்டடிச் சுவர் எதற்கு? காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காடுகளைப் போய்ப் பாருங்கள். காங்கயம் மாடுகள் மேயும் அந்தக் காடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பது கிளுவை வேலி. மழைக்கு முன் போத்து வெட்டி நெருக்கமாக நட்டால் தழைத்துக்கொள்ளும். முள் இருப்பதால் ஆடு மாடு நுழையாது. காற்று ஊடே போய்விடும், மழைநீர் தேங்காது, யார் கூரை மேலும் விழாது. இப்போதெல்லாம் நான் போடும் வரைபடத்தில் தெருப்பக்கத்துக்கு மட்டும் நாலடிச் சுவரும், மீதி மூன்று பக்கத்துக்குக் கிளுவையும் போட்டுக் காட்டுகிறேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். இடம் நெருக்கமான ஐந்து சென்ட் மனையில் அது ஆகாது, அங்கே ஒன்பது இஞ்ச் சுவரும் ஐந்தடி உயரமும் போதும் என்று எழுதிக் கொடுக்கிறேன்.