ஊர் கூடி இழுக்கும் தேர்

திருவிழாக் காலத்தில் தேரோட்டத்தைக் கண்டிராத மாணவர் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். வடம் பிடிப்போர் பல நூற்றுவர். எனினும், தேர் அவர்தம் வலிமை ஒன்றினாலேயே ஓடுவதன்று. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவோர், பின்னே நின்று நெம்புவோர், தேர்த்தட்டில் நின்று துணி வீசிக் குறிப்புக் காட்டுவோர் ஆகிய யாவரும் ஒருவர் குறிப்பை ஒருவர் அறிந்து உழைத்தாலன்றித் தேர் நிலைக்கு வந்து சேராது. கட்டை இடுவோன் வடத்தின் வேகத்தை உணரானாயின், தேர் தெருவோரத்துச் சுவரில் மோதும். வடம் பிடிப்போர் கட்டை இடுவோனை எண்ணாராயின், அவன் கைக்கே தீங்கு நேரும். தத்தம் தொழிலில் வல்லவராய் இருப்பது மட்டும் போதாது. பிறர் தொழிலின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மக்கட்குச் செய்யும் தொண்டுகளுள்ளும் இத்தேரோட்டம் போன்றவை சில உள. வளர்ச்சிக் குறைபாடு உடையோர்க்குச் செய்யும் தொண்டு அவற்றுள் ஒன்று. அத்தொண்டிற்கெனப் பல துறைகளில் மேற்படிப்புப் படிக்கும் மாணவர்களை ஒருங்கே அமர்த்திப் பயிற்றும் முறை ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றி வளர்ந்துள்ளது. அதன் வரலாற்றையும் இயல்பையும் இப்பாடத்தில் காண்போம்.

வளர்ச்சிக் குறைபாடு என்பது யாது? குழந்தை கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, வளரும் பருவத்திலோ அதன் மூளை வளர்ச்சியில் வேறுபாடு நேர்வதுண்டு. அதனால் நடத்தல், பேசுதல், கற்றல், பிறரோடு பழகுதல் ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ அக்குழந்தை இடர்ப்படும். மூளை முடக்குவாதம், டவுன் நோய்க்குறி, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகியவை இவ்வகையின. இவை காய்ச்சலைப் போலச் சின்னாள் இருந்து நீங்குவன அல்ல. பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் உடன் வருவன. ஆதலின், இவற்றை உடையோர்க்கு வேண்டுவது மருந்து மட்டுமன்று. வீட்டிலும், பள்ளியிலும், தொழிற்களத்திலும் பிறரைப் போல வாழ்வதற்குரிய துணையே சிறப்பாக வேண்டுவது. அத்துணையை எந்த ஒரு துறையாரும் தனித்து நின்று அளித்தல் இயலாது.

இவ்வுண்மை உணரப்படாத காலத்தில் நேர்ந்த துன்பங்கள் பல. நியூயார்க் நகரின் பகுதியாகிய ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் என்னும் அரசு விடுதி ஒன்று இருந்தது. 4000 பேருக்கெனக் கட்டப்பட்ட அவ்விடுதியில், 1965ஆம் ஆண்டளவில் சற்றேறக்குறைய 6000 பேர் அடைபட்டிருந்தனர். உடுக்க ஆடையும், கற்பிக்க ஆசிரியரும், பரிவுடன் பேச ஒருவரும் இன்றிப் பலர் அங்கே நாள் கழித்தனர். அவர்களுள் பெர்னார்டு கராபெல்லோ என்பவரும் ஒருவர். மூன்று வயதிலேயே அவர் அங்கு அனுப்பப்பட்டார். அவருக்கு இருந்தது மூளை முடக்குவாதமே. தசைகள் தம் வழிப்படாமையால் அவர்தம் நடையும் பேச்சும் தடுமாறின. அத்தடுமாற்றத்தைக் கண்டோர், அறிவே தடுமாறியதென்று முடிவு கட்டிவிட்டனர். அம்முடிவின் பயனாக 18 ஆண்டுகள் அவர் அவ்விடுதியில் கிடக்க நேர்ந்தது. 1972ஆம் ஆண்டில் தொலைக்காட்சியின் வாயிலாக அவ்விடுதியின் நிலை நாட்டாருக்குப் புலப்பட்டபோது, அங்குள்ள கொடுமையைத் தம் வாயாலேயே எடுத்துரைத்தவருள் அவரும் ஒருவர். பின்னாளில் அவர் குறைபாடு உடையோரின் உரிமைக்காகக் குரல் கொடுப்பவராக விளங்கினார். வில்லோபுரூக் விடுதியும் 1987ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

நாவின் தளர்ச்சி வேறு. அறிவின் தளர்ச்சி வேறு. பேச்சின் இயல்பை அறிந்தவரும், தசையின் இயல்பை அறிந்தவரும், உள்ளத்தின் இயல்பை அறிந்தவரும் ஒரு குழந்தையைச் சூழ அமர்ந்து ஆராய்ந்திருப்பின், ஒருவர் வாழ்வின் 18 ஆண்டுகள் வீணாகாமல் இருந்திருக்கக் கூடும் அன்றோ?

இந்நிலையை மாற்ற வேண்டும் என்னும் எண்ணம் 1960ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்நாட்டில் முளைத்தது. அதற்கு ஒரு குடும்பத்தின் துயரமும் காரணமாயிற்று. குடியரசுத் தலைவராக விளங்கிய ஜான் கென்னடிக்கு ரோஸ்மேரி என்னும் தங்கை ஒருவர் இருந்தார். 1918ஆம் ஆண்டில் பிறந்த அவருக்கு இளமையிலேயே அறிவுசார் குறைபாடு காணப்பட்டது. 1941ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மூளை அறுவை அவர் நிலையை மேலும் கெடுத்தது. நடையையும் பேச்சையும் அவர் பெரிதும் இழந்தார். இத்தகைய செய்திகளை அக்காலத்தில் குடும்பத்தார் வெளியிற் சொல்ல நாணினர். ஆயினும், மற்றொரு சகோதரியாகிய யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், 1962ஆம் ஆண்டில் தம் தமக்கையின் நிலையைப் பற்றி இதழ் ஒன்றில் எழுதி நாடறியச் செய்தார். மறைத்து வைத்த துயரத்திற்கு மருந்து தேட வழியில்லை. வெளியிற் சொல்லிய துயரத்திற்கே துணை பிறக்கும் என்பதை அச்செயல் உணர்த்திற்று.

கென்னடி 1961ஆம் ஆண்டில் வல்லுநர் குழு ஒன்றை அமைத்து, செய்ய வேண்டுவன யாவை என ஆராயச் செய்தார். அதனை ஒட்டி எழுந்த சட்டத்தில், 1963ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் அவர் கையொப்பமிட்டார். மூன்று வாரங்கள் கழிந்து, நவம்பர் 22ஆம் நாள், அவர் சுடப்பட்டு இறந்தார். அவர் இட்ட வித்து மட்டும் அழியாது வளர்ந்தது. பல்கலைக்கழகங்களை ஒட்டி இத்தொண்டிற்குரிய நிலையங்கள் அமைக்க அச்சட்டம் பொருள் வழங்கிற்று. அவ்வழியில் தோன்றிய நிலையங்கள் 67ஆகப் பெருகின. மாநிலந்தோறும் ஒன்றேனும் அமைந்தது. இவற்றோடு உறவு பூண்டு, மேற்படிப்பு மாணவர்களுக்கென்றே ஏற்பட்ட பயிற்சி 'லெண்ட்' என்னும் சுருக்கப் பெயரால் வழங்குகிறது. 2021ஆம் ஆண்டளவில் அப்பயிற்சி 60 இடங்களில் நடைபெற்றது.

இப்பயிற்சியில் சேர்வோர் யாவர்? குழந்தை மருத்துவம் கற்போர், செவிலியர் கல்வி கற்போர், பேச்சுப் பயிற்சி, செவிப்புலன் ஆய்வு, இயன்முறை மருத்துவம், உளவியல், உணவியல், சமூகப் பணி, சிறப்புக் கல்வி ஆகியவற்றைக் கற்போர் எனப் பலர். உண்ணல், உடுத்தல் முதலிய அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்முறைப் பயிற்சித் துறையினரும் அவருள் அடங்குவர். நெடுங்காலப் பயிற்சி பெறுவோர் 300 மணி நேரமேனும் இதற்கெனச் செலவிடல் வேண்டும். தத்தம் துறைக் கல்வியைத் தத்தம் கல்லூரியில் கற்கும் அவர்கள், இங்கே வந்து கற்பது பிறரோடு கூடிச் செய்யும் கலையையே ஆகும்.

அக்கலை எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மூளை முடக்குவாதம் உடைய மூன்று வயதுக் குழந்தை ஒன்றைத் தாய் அழைத்து வருகிறாள் என்று கொள்வோம். குழந்தை உண்ண மறுக்கிறது, உண்டாலும் இருமுகிறது, உடல் மெலிந்துள்ளது. மருத்துவ மாணவர் அதன் எடையைக் கண்டு கவல்கிறார். உணவியல் மாணவர், நெய்யும் பருப்பும் மிகச் சேர்த்த உணவைத் தரவேண்டும் என்கிறார். பேச்சுப் பயிற்சி மாணவரோ, விழுங்கும் தசைகள் ஒழுங்காக இயங்காமையால் உணவு மூச்சுக்குழலிற் புகுகிறதோ என்று ஐயுறுகிறார். எத்தகைய சத்துணவாயினும் அது செல்ல வேண்டிய வழியிற் செல்லாதாயின் பயன் யாது?

அப்பொழுது இயன்முறை மாணவர் வேறொன்றைக் காண்கிறார். அமர்ந்திருக்கும் குழந்தையின் உடல் ஒரு புறம் சாய்கிறது; கழுத்து நில்லாமல் தலை பின்னே விழுகிறது. தலையை அண்ணாந்து கொண்டு நீர் பருகிப் பார்த்தால், விழுங்குதல் எத்துணை அரிது என்பது நமக்கே விளங்கும். ஆகவே, இடுப்பையும் முதுகையும் தாங்கிக் கால்களுக்கும் பிடிப்புத் தரும் இருக்கை ஒன்று முதலில் வேண்டும் என்று அவரும் செயல்முறைப் பயிற்சி மாணவரும் கூடி முடிவு செய்கின்றனர். உடல் நிமிர்ந்தால் தலை நிற்கும்; தலை நின்றால் விழுங்குதல் எளிதாகும்; அதன் பின்னரே உணவின் தன்மையை ஆராய்தல் பயன்படும். எடை குறைந்ததற்கு விடை இருக்கையிலும் இருந்தது! ஒருவர் மட்டும் நோக்கியிருப்பின் இது புலப்பட்டிராது.

எனினும், ஆய்வு இங்கும் முடியவில்லை. அறுவரும் ஆளுக்கொரு பயிற்சியை எழுதித் தாயின் கையில் கொடுத்துவிட்டால், அவள் நிலை யாதாகும்? சமூகப் பணி மாணவர் தாயை நோக்கி, அவளுடைய ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்று வினவுகிறார். அவள் விடியலில் வேலைக்குச் செல்கிறாள். வீட்டில் வேறு இரு குழந்தைகள். உணவு ஊட்டுபவள் முதிய பாட்டி. இதனைக் கேட்ட பின்னரே, பாட்டியால் செய்யத்தக்கவை இரண்டோ மூன்றோ தேர்ந்து கொடுத்தல் வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றுகிறது. செய்ய இயலாத அறிவுரை, எத்துணைச் சிறந்ததாயினும், அறிவுரை ஆகாது. அது சுமையே ஆகும்.

ஆதலின், இப்பயிற்சியில் பெற்றோரும் ஆசிரியராக மதிக்கப்படுகின்றனர். மாணவர்கள் குறைபாடுடைய குழந்தை உள்ள குடும்பத்தாரோடு பழகி, அவர்தம் வாழ்க்கையை நேரிற் கண்டு கற்கின்றனர். மருத்துவமனையில் அரை மணி நேரம் அமைதியின்றி அழும் குழந்தை, தன் வீட்டு முற்றத்தில் பாட்டுக் கேட்டுச் சிரிப்பதை அவர்கள் அங்கே காண்பர். குறைபாடு உடையோரே பயிற்சி பெறுவோராகவும் பயிற்றுவோராகவும் வீற்றிருப்பதும் இங்கு உண்டு. தம் வாழ்வைப் பற்றித் தாமே உரைக்கும் உரிமை அவர்களுக்கே முதன்மையாக உரியது அன்றோ?

தாயின் சொல்லுக்குச் செவி சாய்ப்பதால் விளையும் பயனை அறிவியல் வரலாறும் காட்டுகிறது. நார்வே நாட்டில் தாய் ஒருத்தி, அறிவு வளர்ச்சி குன்றிய தன் குழந்தைகள் இருவரிடமும் விந்தையான நாற்றம் எழுவதைக் கண்டு, அதன் காரணத்தைப் பலரிடமும் வினவி வந்தாள். அவள் சொல்லைப் புறக்கணியாமல், 1934ஆம் ஆண்டில் குழந்தைகளின் சிறுநீரை ஆராய்ந்தவர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவர். வேதியியலும் கற்றிருந்த அவர், உணவிலுள்ள பீனைல்அலனின் என்னும் பொருளை உடல் பயன்படுத்த இயலாமையே அந்நோய்க்குக் காரணம் என்பதற்கு வழி திறந்தார். பின்னர் 1950ஆம் ஆண்டை அடுத்து, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், மற்றொரு தாயின் இடைவிடாத வேண்டுகோளால், ஹார்ஸ்ட் பிக்கெல் என்பவரும் அவர்தம் துணைவரும் அப்பொருள் குறைந்த உணவு முறையை அமைத்தனர். 1960ஆம் ஆண்டை அடுத்து, அமெரிக்க நாட்டில் ராபர்ட் கத்ரி என்பவர், பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் சிறு துளிக் குருதியைக் கொண்டே அந்நோயைக் கண்டறியும் முறையை வகுத்தார். அவர் தாமும் அறிவுசார் குறைபாடுடைய மகனைப் பெற்ற தந்தையே. தாயின் கூர்மையும், வேதியியலார் ஆய்வும், உணவியலார் அளவும், செவிலியர் கைத்திறனும் ஒன்று கூடியமையால், அந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் இளமையிலேயே காக்கப்பெற்று நல்லறிவுடன் வளர்கின்றனர்.

வள்ளுவப் பெருந்தகையார் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்ததை நாம் அறிவோம். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து துணை செய்பவர் என்பன அவை. அவற்றுள் நோயுற்றவரையே அவர் முதற்கண் வைத்தார். குறைபாடு நோய் அன்றாயினும், அம்முறை வைப்பு இத்தொண்டிற்கும் பொருந்துவதே ஆகும். எவருக்காகத் தொண்டு செய்யப்படுகிறதோ அவரை முன்னே நிறுத்தி, பிறர் யாவரும் அவரைச் சூழ நிற்றல் வேண்டும்.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் மருத்துவராகலாம், சிலர் ஆசிரியராகலாம், சிலர் பொறிகள் செய்வோராகலாம். எத்துறையில் நீங்கள் வல்லவராயினும், உங்கள் துறை வடத்தின் ஓர் இழையே என்பதை மறவாதீர். உங்கள் வகுப்பிலேயே பேசத் தடுமாறும் தோழன் ஒருவன் இருக்கக் கூடும். அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேளுங்கள். கராபெல்லோவுக்கு அவர்தம் இளமையில் கிடைக்காதது அதுவே. பிறர் சொல்லுக்குச் செவி கொடுக்கும் பொறுமையே பல துறை அறிவுக்கும் வாயில். அதனைக் கற்கப் பல்கலைக்கழகம் செல்லும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

பயிற்சி

1. வளர்ச்சிக் குறைபாடு நோயினின்று எவ்வாறு வேறுபடுகிறது?
2. பெர்னார்டு கராபெல்லோவின் வாழ்வில் நேர்ந்த தவறு யாது? அதற்குக் காரணம் என்ன?
3. உண்ண மறுத்த குழந்தைக்கு முதலில் இருக்கை வேண்டும் என்று மாணவர்கள் முடிவு செய்தது ஏன்?
4. 'செய்ய இயலாத அறிவுரை சுமையே ஆகும்' என்பதை உங்கள் சொற்களில் விளக்குக.
5. உங்கள் ஊரில் பலர் கூடிச் செய்யும் பணி ஒன்றைக் கண்டு, அதில் ஒருவர் தொழிலை மற்றவர் அறிந்திருக்க வேண்டிய இடங்களைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.