வுட்பரி காமனுக்குக் கிளம்பும் முன்

நியூ ஜெர்சியில் பிள்ளைகளோடு சில மாதம் தங்க வரும் பெற்றோரை ஒரு நாளாவது வுட்பரி காமனுக்கு அழைத்துப் போவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சம்பந்தியம்மாவுக்குக் கைப்பை, மச்சினருக்கு ஷூ, பேத்திக்கு ஜாக்கெட் என்று ஊரிலிருந்து புறப்படும்போதே பட்டியல் வந்துவிடும். மன்ஹாட்டனிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர், ஆரஞ்ச் கவுன்ட்டியின் சென்ட்ரல் வேலியில் இருக்கிறது இந்த அவுட்லெட். 1985இல் திறந்தார்கள், இன்று 200க்கு மேல் கடைகள். ஒரே கட்டடமல்ல. திறந்த வெளியில், குட்டித் தெருக்களாகப் பிரிந்து கிடக்கும் கடைவரிசைகள்.

போவதா வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். வாங்க நினைப்பது டி-ஷர்ட், ஜீன்ஸ், குழந்தைத் துணி மட்டும்தான் என்றால் நியூ ஜெர்சிக்காரர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. நியூ ஜெர்சியில் துணிக்கும் செருப்புக்கும் விற்பனை வரியே கிடையாது. நியூயார்க் மாநிலம், ஒரு உருப்படி 110 டாலருக்குள் இருந்தால் தன்னுடைய 4 சதவீதத்தை விட்டுக்கொடுக்கிறது. ஆரஞ்ச் கவுன்ட்டியோ தன் பங்கை விடுவதில்லை. 110ஐத் தொட்டுவிட்டால் மொத்தமாக 8.125 சதவீதம். வெளிநாட்டுப் பயணிக்கு இந்த வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடும் நியூயார்க்கில் இல்லை. நூவர்க் விமான நிலையத்தை ஒட்டி எலிசபெத்தில் ஜெர்சி கார்டன்ஸ் இருக்கிறது. அதுவும் அவுட்லெட்தான், ஆனால் கூரைக்குள். மழைக்காலத்திலும் குளிரிலும் வயதானவர்களோடு போக அதுவே நல்லது. பெரிய பிராண்டுகளின் கைப்பை, கோட்டு, ஷூ என்று மனதில் ஏதாவது இருந்தால் மட்டும் வுட்பரிக்கு வண்டியை எடுங்கள்.

கார் இல்லாதவர்களுக்கு மன்ஹாட்டன் போர்ட் அத்தாரிட்டி பஸ் நிலையத்திலிருந்து நேரடி பஸ் உண்டு. ரயிலில் வந்தால் ஹாரிமன் ஸ்டேஷனில் இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும். மூட்டைகளோடு திரும்புவதற்கு பஸ்தான் வசதி. செவ்வாய், புதன் காலையில் கடை திறக்கும்போதே போய்விடுவது உத்தமம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வழியிலிருக்கும் பெர்கன் கவுன்ட்டியில் ஞாயிறன்று துணிக்கடைகளைத் திறக்கக் கூடாது என்று பழைய சட்டம் ஒன்று இன்னும் அமலில் இருக்கிறது. அங்கே கடை மூடியிருந்தால் வாங்க வேண்டியவர்கள் வேறு எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். நவம்பர் கடைசியில் தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாள் பெற்றோரோடு போகவே போகாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். அவுட்லெட் என்றால் பெரிய கடையில் மிச்சமானதைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் இடம் என்றே பலர் இன்னும் நம்புகிறார்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. இப்போது பல பிராண்டுகள் அவுட்லெட்டுக்கென்றே தனியாகச் சரக்குத் தைக்கின்றன. அந்தச் சட்டை நகரத்துக் கடையில் ஒரு நாளும் தொங்கியதில்லை. ஆனால் சீட்டில் 98 டாலர் என்று அச்சடித்து, அதை அடித்து, 39 என்று எழுதியிருக்கும். அந்த 98ஐக் கொடுத்து அதை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். 2014இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நால்வர் இதை விசாரிக்கும்படி வர்த்தக ஆணையத்துக்குக் கடிதமே எழுதினார்கள்.

ஆகவே 'அறுபது சதவீதத் தள்ளுபடி' என்ற பலகையைப் பார்க்காதீர்கள். பொருளைக் கையில் எடுங்கள். கழுத்துப் பட்டியில் பிராண்ட் பெயருக்குக் கீழே பாருங்கள். கேப் ஃபேக்டரி துணிகளில் பெரும்பாலும் மூன்று சிறு சதுரங்கள் இருக்கும். ஜே க்ரூ ஃபேக்டரியில் இரண்டு வைரக் கட்டங்கள். இப்படி அடையாளம் இருந்தால் அது அவுட்லெட்டுக்காகவே தைத்தது. அது குற்றமில்லை. 39 டாலருக்கு அந்தத் தையலும் துணியும் தகுமா என்று மட்டும் யோசியுங்கள். உள்பக்கம் திருப்பி மடிப்பில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், கைப்பையின் ஜிப் தடங்கலில்லாமல் ஓடுகிறதா, வார் சேரும் இடத்தில் இரட்டைத் தையலா என்று தடவிப் பாருங்கள். தீபாவளிப் புடவை எடுக்கும்போது நம் அம்மாக்கள் சரிகையையும் முந்தானையையும் விரித்துப் பார்ப்பார்களே, அந்தக் கண்ணுக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. அவர்களிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விலையுயர்ந்த ஐரோப்பிய பிராண்டுகளில் போன சீசன் சரக்கு நிஜமாகவே கிடைப்பதுண்டு. மாடல் பெயரைப் போனில் தேடினால் பழைய விலை தெரிந்துவிடும்.

பெற்றோர் ஒவ்வொரு விலையையும் ரூபாயாக்கிப் பார்ப்பார்கள். பிடித்த ஸ்வெட்டரையும் 'எனக்கெதுக்குப்பா' என்று திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். யாருக்கு எவ்வளவு செலவு, யார் கொடுப்பது என்பதை முந்தின இரவே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். கவுன்ட்டரில் நின்று தர்க்கம் செய்தால் அவர்கள் மனம் சுருங்கிப் போகும்.

கால் வலியையும் கணக்கில் எடுங்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பதே பெரிய நடை. இரண்டு மூன்று கடைகளை முதலிலேயே தேர்ந்தெடுத்து, அதற்குப் பக்கத்துப் பார்க்கிங்கில் வண்டியை விடுங்கள். பகுதிகளை நிறத்தால் பிரித்திருக்கிறார்கள். இறங்கியவுடன் அந்த நிறப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மலை. ஏப்ரலிலும் காற்று ஊசியாய்க் குத்தும், அதனால் காதை மூட ஏதாவது கொண்டுபோங்கள். சாப்பாட்டுக்கு மார்க்கெட் ஹால் இருக்கிறது. பன்னிரண்டரைக்கு மேல் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், பதினொன்றரைக்கே போய்விடுங்கள். ஷேக் ஷாக்கில் காளான் பர்கர் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் எங்கே சூப் வாங்கினாலும் கோழிச்சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்காமல் வாங்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் எலுமிச்சம் சாதமும் தயிர்சாதமும் கட்டி எடுத்துப் போவதே நிம்மதி. காரில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஒருவர் அவர்களோடு உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் போய்வரலாம்.

ஊரில் இருப்பவருக்கு ஷூ வாங்கும்போது 'எட்டு சைஸ்' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். இந்தியாவில் விற்பது பிரிட்டிஷ் அளவு. ஆண்களுக்கு அமெரிக்க எண் ஒன்று கூடும். பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு. அவர் இப்போது போட்டிருக்கும் ஷூவின் நாக்கில் தைத்த லேபிளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அதிலுள்ள சென்டிமீட்டர் எண்ணைப் பொருத்திப் பாருங்கள். ஹேர் டிரையர், காபி மெஷின் வாங்கினால் அடியில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்க வேண்டும். 120 மட்டும் இருந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் செருகியதும் கருகிவிடும்.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அவுட்லெட்டில் வாங்கியதை அதே பிராண்டின் நகரத்துக் கடைகள் பல திரும்ப எடுப்பதில்லை. 'ஃபைனல் சேல்' என்று முத்திரை விழுந்துவிட்டால் வுட்பரியிலேயே எடுக்க மாட்டார்கள். அதனால் விமானத்துக்கு முந்தின சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளாமல் மூன்று வாரம் முன்னதாகவே போய்வாருங்கள். அளவு சரியில்லாததை மாற்றவும், 23 கிலோவுக்குள் பெட்டியை அடக்கவும் அவகாசம் இருக்கும்.